ஷூட்டிங்குக்குப் போன கூறைப் புடவை

பீரோவிலிருந்த அத்தனை துணியையும் பூங்கொடி கட்டிலில் கொட்டிவிட்டாள். அம்மாவின் கூறைப் புடவை மட்டும் இல்லை. கூடத்தில் அம்மா செங்கம்மாளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, வெள்ளைத் துணியால் மூடிக் கிடத்தியிருந்தார்கள். சுமங்கலியாகப் போனவளைக் கூறைப் புடவையில்தான் அனுப்ப வேண்டும். பொழுது சாய்வதற்குள் உடலை எடுத்தாக வேண்டும்.

“இன்னாடி, கெடச்சுதா?” என்றாள் அத்தை சரோஜா.

பதில் கூடத்து நாற்காலியிலிருந்து வந்தது. “அது ஷூட்டிங்ல கீது.”

சொன்னவர் அப்பா. ஊருக்கு எழுத்தாளர் நுரைவேந்தன், ரேஷன் கார்டுக்கு வரதன். கவிஞர் ஆழிநங்கையோடு அவர் ஒரு காலத்தில் நடத்திய காதலும் கைகலப்பும் இப்போது மாமல்லபுரம் கடற்கரையில் படமாகிக்கொண்டிருந்தன. இருவரும் ஒருவரையொருவர் திட்டியே ஆளுக்கு நாலு புத்தகம் எழுதினார்கள். அந்தக் காதல் புயல் அடித்த வருஷமெல்லாம் பால்வாடி ஆயா வேலை பார்த்து உலையில் அரிசி போட்டவள் செங்கம்மாள். படத்தில் அவளுக்கு ஒரே காட்சி: காபி டம்ளரோடு கதவருகே வந்து நிற்பாள். வசனம் கிடையாது.

“யாரக் கேட்டுக் குடுத்த, நைனா?”

“அந்தக் காலத்துத் துணி ஓணும்னாங்க. உங்கம்மா வேஷம் கட்றவளுக்குன்னுதான் நெனச்சேன்.” தொண்டையைச் செருமினார். “அரக்குக் கலரு கடலுக்கு எடுப்பா கீதாம். ஆழிநங்கை வேஷம் கட்றவளுக்குக் கட்டிட்டாங்க.”

“நல்லா கீது அண்ணாத்த,” என்றாள் சரோஜா. “உசுரோட கீறச்சொல்ல புருசன வுட்டுக் குடுத்தா. இப்ப பொடவையுமா?”

பூங்கொடி டைரக்டர் ஹேமந்துக்குப் போன் போட்டாள். பாதி சீன் எடுத்தாயிற்று, நடுவில் புடவை மாறக்கூடாது என்று அவன் ஆரம்பித்தான்.

“நீ எடுத்துகினு வரியா, இல்ல எங்கம்மாவ வண்டில ஏத்தி அங்க கொண்டாரட்டா?”

ஹேமந்த் வந்தான். கறுப்புச் சட்டை, வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு ரோஜா மாலை, பின்னால் போட்டோகிராபர். சரிகைப் பொன்னாடை ஒன்றைப் பிணத்தின் மேல் விரித்து, “மகத்தான ஒரு காதலின் மௌன சாட்சி,” என்றான். கேமரா பக்கம் அப்பாவின் முகம் தானாகத் திரும்பியது.

“தம்பி, என் வேஷம் கட்றவன் தொப்பையக் கொறச்சானா?”

பூங்கொடி ஹேமந்த் கையிலிருந்த பையைப் பிடுங்கினாள். புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கொசுவம் முழுக்க மணல். முந்தானையில் யாருடைய மேக்கப்போ அப்பியிருந்தது.

“அலையில கட்டிப்பிடிக்கிற சீன், மேடம்,” என்றான் ஹேமந்த். பிறகு குரலைத் தாழ்த்தினான். “இன்னும் ரெண்டு ஷாட் பாக்கி. சும்மா போத்தி ஒரு போட்டோ எடுத்துக்கலாம். தூக்குறதுக்கு முன்னாடி புடவையத் திருப்பிக் குடுத்தீங்கன்னா...”

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“குட்த்துடு கொடி,” என்றார் அப்பா. “நெருப்புல போறதுதான. படம்னா காலத்துக்கும் நிக்கும்.”

பூங்கொடி அவரைப் பார்க்கவேயில்லை. பொன்னாடையை உருவி எறிந்தாள். ஆண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, ஈரப் புடவையைப் பிழிந்து உதறி, சரோஜாவும் அவளுமாக அம்மாவுக்குக் கட்டினார்கள். உப்புத் தண்ணீர் பாயில் வடிந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய அப்பா தலைமுழுகிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வீடு கழுவியிருந்தது. அடுப்பு மூட்டவில்லை.

“ஒரு காபி,” என்றார், வழக்கம்போல் உள்கதவைப் பார்த்து.

அங்கே கதவடியில் பொன்னாடை கிடந்தது, ஈரமும் மணலுமாக, கால்மிதியாக. கதவருகே யாரும் வந்து நிற்கவில்லை.