சுண்டுவிரல்

அக்காவின் சாம்பல்நிறப் பட்டுச் சட்டைக் கழுத்தில் அலங்கார ஊசியைச் செருகிக்கொண்டிருந்தபோது, ஐவி லோமாக்ஸ் ஒரு பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி கதவருகே நிற்பதை டோரா கண்டாள். மூவரும் ஒரே கல்லூரியில், ஒரே மாடியில் தங்கிப் படித்தவர்கள்.

"உள்ள வா ஐவி. இத்தன வருஷம் கேக்காமத்தானே வந்த, இன்னிக்கு என்ன மரியாத?"

ஐவி சிரிக்கவில்லை. சவப்பெட்டியில் கிடந்த அக்கா ஹெஸ்டரின் முகத்தைப் பார்க்காமலேயே மேசையருகே சென்று பொட்டலத்தைப் பிரித்தாள். கறுப்பு அங்கி; அதனோடு, உட்புறம் வெள்ளைப் பட்டு வைத்துத் தைத்த தோள்துணி. பட்டம் பெற்றவர்கள் இறந்தால் பெட்டியின் மேல் விரிப்பது அவர்கள் கல்லூரியின் வழக்கம்.

"யாரோட அங்கிய தூக்கிட்டு வந்திருக்க? அக்காதான் பட்டமே வாங்கலையே."

"வாங்கினா, டோரா."

டோராவின் கை, ஊசியோடு அப்படியே நின்றது.

அவர்கள் படித்த காலத்தில் கேம்பிரிட்ஜ் பெண்களைத் தேர்வெழுத விட்டது. ஆண்களுக்குக் கொடுத்த பட்டத்தை மட்டும் கொடுக்கவில்லை. முடிவு வந்த அன்று ஆற்றங்கரைப் புல்லில் அமர்ந்து, 'பின்னால் அவர்களே கூப்பிட்டாலும் பட்டத்துக்காகப் போய் மண்டியிட மாட்டோம்' என்று அக்காளும் தங்கையும் கைகோத்துச் சொல்லிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல்கலைக்கழகம் உண்மையாகவே கூப்பிட்டது. அதற்குள் ஹெஸ்டர் பெல் பெயர்பெற்ற நாவலாசிரியை. மண்டியிடாத எழுத்தாளர் என்று பத்திரிகைகள் அவளைப் புகழ்ந்தன. டோராவை யாரும் புகழவில்லை. யார்க் நகரில் ஒரு பெண்கள் பள்ளி அவளைத் தலைமையாசிரியையாக அழைத்தது. பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றது. அவள் மறுத்துவிட்டாள். அன்று ஹெஸ்டர் அவள் நெற்றியில் முத்தமிட்டு, "நீ இல்லன்னா நான் எப்பவோ வளைஞ்சிருப்பேன்டி" என்றாள். அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. அக்காவின் நாவல்களைத் தட்டச்சு செய்துகொண்டு டோரா இந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

"எப்போ?"

"நீ அத்தையப் பாத்துக்க நார்விச்சுக்குப் போயிருந்தியே, அந்த வசந்தத்துல."

"யார்க்குலேருந்து என்னைக் கூப்பிட்டாங்களே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ஐவி தோள்துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். "முன்னாடி."

டோரா மெல்ல அமர்ந்தாள். பட்டம் வழங்கும் சடங்கில் கல்லூரி ஆசிரியர் வலக்கையை நீட்டுவார். நான்கு பேர் ஆளுக்கொரு விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து, பின் ஒவ்வொருவராகத் துணைவேந்தர் முன் மண்டியிட வேண்டும். ஹெஸ்டரின் கடைசி நாவலில் அப்படி ஒரு காட்சி வருகிறது. கதாநாயகிக்குக் கிடைப்பது சுண்டுவிரல். அது தோலுரித்த உருளைக்கிழங்குபோல ஈரமாக இருக்கிறது. தட்டச்சு செய்யும்போது டோரா விழுந்து விழுந்து சிரித்தாள். "எப்படிக்கா இதெல்லாம் தோணுது உனக்கு?" "கத எழுதறவ நேர்ல வேற போய்ப் பாக்கணுமாக்கும்!" என்றாள் அக்கா.

"அவளுக்கு எந்த விரல் கெடச்சுது ஐவி?"

"என்ன?"

"நீயும் கூடப் போயிருப்பியே. எந்த விரல்?"

"சுண்டுவிரல்." ஐவியின் குரல் தாழ்ந்தது. "வெளிய வந்து கைய பாவாடையில தொடச்சு தொடச்சு சிரிச்சா. நானும் சிரிச்சேன். டோராவுக்குத் தெரியக்கூடாதுன்னு அங்கிய எங்கிட்டயே குடுத்துட்டா. போன வாரந்தான், 'மண்ணுக்குப் போறப்பவாவது போட்டுவிடு'ன்னு கேட்டா."

"என்கிட்ட கேக்கலையே. ராத்திரியெல்லாம் பக்கத்துலதான் இருந்தேன்."

ஐவி அங்கியை மீண்டும் மடித்தாள். "உள்ளயே வச்சு மூடிடலாம், டோரா," என்றாள். "ஒருத்தருக்கும் தெரியாது. நீ சர்ச்சுல பேசணும்னு நெனச்சதையே பேசு. 'யாருக்கும் மண்டியிடாதவ'ன்னு ஆரம்பிச்சிருக்கேன்னியே… நல்லா இருந்துது."

சவச்சடங்குக்காரர் சிப்லி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "மூடலாங்களா அம்மா? வண்டி வந்துடுச்சு."

டோரா எழுந்து அக்காவின் சட்டைக் கழுத்தில் பாதியில் நின்ற ஊசியைச் சரியாகச் செருகினாள். மடிப்பை நேராக்கினாள்.

"மூடுங்க. மூடினப்புறம் இந்த அங்கிய மேல விரிங்க. வெள்ளப் பட்டு வெளியில தெரியணும்."

"டோரா…"

"ஆசப்பட்டுக் கேட்டிருக்கா இல்ல? நல்லாவே போட்டுக்கட்டும்."

தேவாலயத்து வாசலில் பனி இறுகியிருந்தது. முன்னால் பெட்டி சென்றது. உள்ளே நிறைந்திருந்த வாசகர்களும் கல்லூரிப் பெண்களும் எழுந்து நின்றார்கள். பட்டின் வெண்மை கடந்து செல்லச் செல்ல, வரிசை வரிசையாக முணுமுணுப்பு அடங்கியது.

வாசற்படியில் காத்திருந்த பாதிரியார் குனிந்து, விரல்கள் விரிந்த வலக்கையை டோராவிடம் நீட்டினார்.

"வழுக்கும்மா. பிடிச்சுக்குங்க."

டோரா அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு, இரு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஏறினாள்.