முன்தண்டுக்கு விசா

விசா கிடைக்க வேண்டும் என்று சாமிக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் காஞ்சிபுரத்தில் நிறையப் பேர். கிடைக்கவே கூடாது என்று நேர்ந்துகொண்ட ஒரே ஆள் பூவராகவனாகத்தான் இருப்பார்.

எல்லாம் வைகாசியால் வந்தது. மற்ற நாளில் அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் பூவராகவன், வரதராஜப் பெருமாள் உற்சவத்தில் சாமி தூக்குவார். வாகனத்தைத் தாங்கும் மரத்தண்டுகளில் முன்தண்டு அவருடையது. தண்டுக்கு ஆளைத் தோள் உயரம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். உயரம் பிசகினால் பெருமாள் சாய்வார். பாரம் மொத்தமும் நெட்டையன் கழுத்தில் இறங்கும். பூவராகவனின் வலது தோளில் கொய்யாக்காய் அளவுக்குக் காய்ப்பு. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. தூக்குகிறவனுக்குக் கிடைப்பது பிரசாதமும் பெருமையும்தான். பிரசாதம் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பெருமைக்காக அவர் வருஷம் முழுக்க வலியைப் பொறுத்துக்கொண்டார்.

இந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் ஜீவிதாவுக்குச் சித்திரைக் கடைசியில் பிரசவம். அம்மாவும் அப்பாவும் வர வேண்டும் என்று மாப்பிள்ளை காகிதமெல்லாம் அனுப்பிவிட்டார். போனால் வைகாசி உற்சவத்துக் கருட சேவை போச்சு.

டீக்கடையில் அருளாளன் பிடித்துக்கொண்டான்.

"இன்னா பூவராகா, விசாவுக்கு எப்போ கூப்புட்டுக்கிறாங்க?"

"உனக்கு இன்னாடா அவ்ளோ அவசரம்?"

"நல்லது நடக்கட்டுமேன்னுதான்பா. உனக்குக் கெடைச்சா அனுமாருக்கு வெத்தல மாலை சாத்தறேன்னு வேண்டிக்கினு இருக்கேன்."

அருளாளன் பின்தண்டு. தோள் உயரத்தில் பூவராகவனுக்குச் சரியான ஜோடி. முன்தண்டு காலியானால் அடுத்த ஆள் அவன்தான்.

"அந்த மாலைய நீயே போட்டுக்கோ" என்று பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டார் பூவராகவன்.

நேர்காணலுக்கு முந்தின நாள் மனைவி கமலாட்சி எச்சரித்தாள். "அங்க வந்து கருட சேவை, தண்டு, தோளுன்னு பேசின, விசா கெடைக்காது. வாயத் தொறக்காம நில்லு. நான் பேசிக்கறேன்."

பூவராகவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இவ்வளவு சுலபமான வழி இருப்பது அதுவரை அவருக்குத் தெரியாது.

சென்னையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா. பக்கத்தில் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு பெண்.

"எதுக்காகப் போறீங்க?"

கமலாட்சி முந்திக்கொண்டாள். "பொண்ணுக்குத் தலைப்பிரசவம்மா."

"எவ்வளவு நாள் இருப்பீங்க?"

ரெண்டு மாசம் என்று சொல்லும்படி மாப்பிள்ளை போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் கமலாட்சிக்குப் பேரப்பிள்ளை கண்ணுக்குள் வந்துவிட்டது. "அத எப்டிம்மா சொல்றது? கொழந்தைக்குக் கழுத்து நிக்கணும், குப்புற வுழணும், தவழணும். பொண்ணு வேலைக்குப் போயிட்டா யாரு பாத்துக்குவா? நான் இருந்து வளத்துக் குடுத்துட்டுதான் வருவேன்."

"சார், நீங்க?"

"எனக்குப் போகவே இஷ்டம் இல்லீங்க" என்றார் பூவராகவன். கமலாட்சி இடுப்பில் கிள்ளினாள். அவர் அசையவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளைக் காட்டினார். வெள்ளைக்கார அம்மா எட்டிப் பார்த்தாள். "வைகாசில நான் இல்லேன்னா பெருமாள் சாஞ்சிடுவாரு. என் எடத்துக்கு ஒருத்தன் நாக்கத் தொங்கப் போட்டுக்கினு நிக்கறான். பொண்ணு கட்டிப் போட்டாலும் அறுத்துக்கினு ஓடியாந்துடுவேன். தயவு பண்ணி என்ன உட்டுடுங்க."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னாள். வெள்ளைக்கார அம்மாவும் சிரித்தாள். எதையோ தட்டினாள். கமலாட்சியின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாள். பூவராகவனுடையதை எடுத்து வைத்துக்கொண்டாள். தமிழ்ப் பெண் ஏதோ விளக்கினாள். அதற்குள் கமலாட்சி புருஷனைத் திட்ட ஆரம்பித்திருந்ததால் இரண்டு பேர் காதிலும் அது விழவில்லை.

"பாத்தியா, பாஸ்போர்ட்டையே புடுங்கிக்கினாங்க! எனக்குப் பாரு, மரியாதையா கையில குடுத்தாங்க" என்றாள் வெளியே வந்து. பூவராகவனுக்கு முகமெல்லாம் பல்.

வாசலில் ஆட்டோக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பெரியவரே, வாங்கி வெச்சிக்கினா விசா குத்தப் போறாங்கன்னு அர்த்தம். கையில குடுத்தாதான் இல்ல. உனக்கு உண்டு, அம்மாவுக்கு இல்ல."

பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கமலாட்சி அழுதாள். பூவராகவனுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. ஓடியாந்துடுவேன் என்று அவர் சொன்னதையும், இருந்து வளத்துக் குடுப்பேன் என்று கமலாட்சி சொன்னதையும் அந்த அம்மா அப்படியே நம்பியிருக்கிறாள்.

"பாஸ்போர்ட்டு வந்தா கிழிச்சிப் போட்டுடறேன்" என்றார்.

கமலாட்சி மூக்கைச் சிந்தினாள். "கிழிச்சிப் பாரு, அந்தக் காய்ப்ப அருவாமனையில வெச்சி சீவிடறேன். பெருமாளுக்குத் தோள் குடுக்க ஊரே நிக்குது. புள்ள பெத்தவளுக்கு வெந்நி போட யாரு இருக்கறா? அவ மாமியாரும் போய்ச் சேந்தாச்சு. மாப்பிள்ளைக்கு டீ போடத் தெரியாது."

"எனக்கு மட்டும்?"

"தெரியாதுன்னா கத்துக்கோ."

பஸ் காஞ்சிபுரம் வந்து நிற்கும் வரை யோசித்தார். நேரே அருளாளன் வீட்டுக்குப் போய், "இந்த வருஷம் நீ முன்தண்டு" என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாட்டைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பினார்.

அன்று சாயங்காலம் ஜீவிதா போன் செய்தபோது அடுப்பங்கரை முழுக்கப் புகை.

"அம்மா எப்போப்பா கெளம்பறாங்க?"

"அம்மாவுக்கு இல்லம்மா. நான்தான் வரேன்."

"நீயாப்பா? நீ வந்து இன்னா பண்ணுவ?"

"பத்தியத்துக்குப் பூண்டுக் கொழம்பு வெப்பேன்."

"உனக்கு வெக்கத் தெரியுமா?"

"வெச்சிக்கினுதான் இருக்கேன். ரெண்டாவது தரமும் கருகிப்போச்சு."

"போன வெச்சிட்டு மறுபடியும் பூண்டு உரி!" என்று அடுப்படியிலிருந்து கமலாட்சி கத்தினாள்.