காப்புக் கட்டிய கையும் கண் ஊசியும்

அன்று மாரியம்மன் கோயில் வாசலில் இருந்தவர்கள் நான்கு பேர்: காப்புக் கட்டியிருந்த சோலையப்பன், அவர் மனைவி அழகி, பங்காளி அடைக்கலம், பூசாரி இருளாண்டி. ஐந்தாவது ஆள் இல்லை.

சோலையப்பனுக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை. அது கண்ணில் இறங்கி, விழித்திரையில் நீர் கோத்து, எதிரில் வருகிறவர் முகமே கலங்கிவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி, மாதம் ஒன்று. இரண்டாவது ஊசியின் தேதி காப்புக்கும் தேருக்கும் நடுவில் வந்து விழுந்தது. தள்ளிப்போட்டால் போகிற பார்வையை மீட்பது கஷ்டம் என்று டாக்டர் பிரகதீஸ்வரி சொல்லியிருந்தார். ஆனால் காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டி இரவு தங்கினால், காப்புக் கட்டித் தேர் வடம் பிடிக்கும் ஐந்து தலைமுறை உரிமை அன்றோடு பங்காளி வீட்டுக்குப் போய்விடும்.

"தேர் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார் சோலையப்பன்.

"கண்ணு தெரியாம வடம்னு நெனச்சு மாட்டுக் கயித்தப் புடிச்சு இழுக்கப் போறீங்களா?" என்றாள் அழகி.

அடைக்கலம் சிரித்தார். "போயிட்டு வாங்கண்ணே. காப்ப நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்துக்குவீங்கன்னுதான பயமே!" என்றாள் அழகி.

இருளாண்டி தொண்டையைச் செருமினார். "ராத் தங்கத்தாங்க கூடாது. பகல்ல போயிட்டு, வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துருங்க. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா."

மறுநாள் விடிந்ததும் கணவனும் மனைவியும் கீரனூரில் பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்த நர்ஸ், "ஐயா, கையில உள்ள கயித்த அவுத்துருங்க" என்றாள்.

"முடியாதும்மா. அவுக்கணும்னா எனக்கு ஊசியே வேணாம்." சோலையப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

டாக்டர் பிரகதீஸ்வரி வந்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. கோபப்படவில்லை, என்ன கயிறு என்று கேட்டார், முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"கண்ணுலதானய்யா ஊசி போடப்போறேன், கையிலயா? சிஸ்டர், மணிக்கட்ட மருந்து போட்டுத் தொடச்சு, சுத்தமான துணி சுத்துங்க. இவங்கள மொதல்ல விடுங்க, பொழுதோட ஊருக்குப் போகணும்."

சோலையப்பன் படுத்தார். ஊசி இறங்கியபோது கால் கட்டைவிரல்கூட அசையவில்லை. "உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா என் வேலை சுலபம்யா" என்றார் டாக்டர். நாலு மணிக்கெல்லாம் இருவரும் ஊர் எல்லைக்குள் இருந்தார்கள்.

மூன்றாவது ஊசிக்குப் போனபோது பஸ் பலகையை அவரே வாசித்து ஏறினார்.

மணமேல்குடிச் சம்பந்தி வீடுவரை ஒரு பேச்சு போயிருக்கிறது: சோலையப்பன் ஆஸ்பத்திரியில் காப்பை அறுத்தார், அம்மன் கண்ணைப் பறித்துக்கொண்டாள் என்று. காப்பை யாரும் அறுக்கவில்லை. தேர் நிலைக்கு வந்த மறுநாள், கோயிலில், இருளாண்டிதான் அவிழ்த்தார். கண்ணும் போகவில்லை.