முதலாளிக்கு ஒரு டம்ளர்

விடியும் முன்பே கொட்டகைக்குள் ஆவி பரவிவிட்டது. பக்கத்துச் சாராய ஆலையிலிருந்து குழாய்வழியே வரும் கழிவுச் சக்கை கொதிக்கக் கொதிக்கத் தொட்டியில் விழுந்தது. அதுதான் தீனி. ஆலைச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே, திரும்பக்கூட இடமில்லாமல் நின்ற அந்த மாடுகள் புல்லைக் கண்ணால் கண்டதில்லை. கறவைக்காரி முழங்கால்களுக்கிடையே வாளியை இடுக்கிக்கொண்டு கறந்தாள். விரல்கள் மரத்துப்போயின. புளித்த நெடி கண்ணைக் கரித்தது. இந்தப் பால்தான் வெயில் ஏறுமுன் நகரத்துப் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போக வேண்டும்.

கடைசி வரிசையில் ஒரு மாடு எழ முடியாமல் கிடந்தது. சக்கை தின்றே குளம்பு அழுகிப் பல் உதிர்ந்த மாடு. அதைத் தூக்கிக் கட்டும்படி முதலாளி அவளுடைய கணவனிடம் சொன்னார். தீனி வைப்பதும் சாணி அள்ளுவதும் அவன் வேலை. படுத்துவிட்ட மாட்டின் வயிற்றுக்கடியில் தோல்வாரைக் கொடுத்து, உத்தரத்துக் கப்பியில் இழுத்துத் தொங்கவிடுவார்கள். தொங்கத் தொங்கவே கறப்பார்கள். மூச்சு நிற்கும்வரை மடியை விடக்கூடாது என்பது முதலாளியின் சட்டம்.

வார் இற்றுப்போயிருக்கிறது என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். அன்றும் சொன்னான். புது வாருக்கு இந்த மாடு தேறாது என்று முதலாளி சிரித்தார். அவன் இழுத்தான். மாடு எழும்பியது. முடிச்சுப் போட அவன் குனிந்தபோது வார் அறுந்தது.

எல்லோரும் சேர்ந்து மாட்டைப் புரட்டித்தான் அவனை வெளியே எடுக்க முடிந்தது. முழங்காலுக்குக் கீழே கால் ஈரத்துணிபோல மடிந்து கிடந்தது. மாடு செத்திருந்தது. முதலாளி மாட்டைத்தான் முதலில் பார்த்தார்.

"பாத்து இழுக்க மாட்டானா? மாட்டு நஷ்டத்த உங்க ரெண்டு பேர் கூலியிலதான் புடிப்பேன்."

பொழுது சாய்வதற்குள் மருத்துவர் அந்தக் காலை எடுத்துவிட்டார். மயக்கம் தெளிந்த கணவன் முதலில் கேட்டது, வேலை போய்விடுமா என்றுதான். அவளுக்கு அழுகை வரவில்லை.

மருத்துவமனையிலிருந்து நேராகப் பால்வண்டிக்காரர் வீட்டுக்குப் போனாள். கறவைப் பெண்களும் அங்கேதான் கூடியிருந்தார்கள். முதலாளி கொட்டகைக்கு மேல் மாடியில்தான் தூங்குகிறான், கீழே தீ வைக்கப்போகிறேன் என்றாள்.

"வை தங்கச்சி," என்றார் வண்டிக்காரர். "கட்டிக் கெடக்கிற வாயில்லா ஜீவனுங்கதான் வேகும். அவன் ஜன்னல் வழியா குதிச்சுப் போய் வேற எடத்துல கொட்டக போடுவான். நீ ஜெயில்ல கெடப்ப."

"அப்ப அவன சும்மா விடச் சொல்றீங்களா அண்ணே?"

"யார் விடச் சொன்னா? அவன் உசுரு ஒடம்புலயா இருக்கு? 'சுத்தமான பசும்பால்'னு வண்டியில எழுதி வச்சிருக்கானே, அந்தப் பேர்ல இருக்கு. அங்க வெட்டுவோம்."

நம் முதலாளி பாலில் தண்ணீர் கலப்பவரல்ல, தண்ணீரில் பால் கலப்பவர் என்று யாரோ சொல்ல, கசப்போடு சிரித்தார்கள். தண்ணீர், சுண்ணாம்புத் தூள், நாற்றம் தெரியாமலிருக்கச் சர்க்கரை. எல்லோருக்கும் தெரியும், வேலைக்குப் பயந்து வாயைக் கட்டியிருந்தார்கள். 'வாயாடி' என்று பேரெடுத்த இளம் கறவைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. போன கோடையில் தன் அக்கா குழந்தை இந்தப் பாலைக் குடித்துத்தான் வயிற்றுப்போக்கில் செத்தது என்று மெல்லச் சொன்னாள். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. அன்று இரவே பால் வாங்கும் வீடுகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார்கள்: நாளைக்குப் பால் வராது, வந்து பாருங்கள்.

மறுநாளும் கறந்தார்கள். கறக்காவிட்டால் மடி கட்டி வதைபடுவது மாடுதானே. கலப்பு அறையிலிருந்து கேன்கள் வண்டியேறியதும் வண்டிக்காரர் குதிரையை அவிழ்த்துவிட்டார். வாசல் கதவை அகலத் திறந்துவைத்தார்கள். பாத்திரமும் கையுமாக வந்த நகரத்துப் பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கப்பியில் வேறொரு மாடு தொங்கிக்கொண்டிருந்தது. வார் மட்டும் புதிது.

வண்டி ஏன் கிளம்பவில்லை என்று கேட்டபடி முதலாளி இறங்கி வந்தார். கறவைக்காரி கேனில் டம்ளரை முக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"குடிங்க முதலாளி."

"திமிரா? தள்ளு."

"உங்க கொட்டகப் பாலுதான். ஊர்ப் பிள்ளைங்க குடிக்குதே. நீங்க ஒரு வாய் குடிங்க, வண்டி இப்பவே கெளம்பும்."

எல்லோருடைய கண்ணும் அவர் கையில் இருந்தது. டம்ளரை வாங்கினார். உதடுவரை கொண்டுபோனார். தொங்கும் மாட்டின் மடியில் சீழ் வைத்த புண் எதிரே தெரிந்தது. டம்ளரை வீசியெறிந்தார்.

இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி, உன் வீட்டுப் பிள்ளைக்கு எங்கிருந்து பால் வருகிறது என்று கேட்டாள். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையிலிருந்து தினமும் தானே வாங்கி வந்து கொடுப்பதாக வண்டிக்காரர் சொன்னார்.

வெளுத்துப்போன முதலாளியின் முகத்தைக் கறவைக்காரி கண்கொட்டாமல் பார்த்தாள். தீயில் வேகும் முகத்தைவிட இது நன்றாக இருந்தது. ஆனாலும் போதவில்லை.

"இது என் புருஷன் காலுக்கு ஈடு இல்ல. அதுக்கு நஷ்டஈடு தனியா குடுக்கணும். கலப்பு அறைய மூடணும். இனிமே மாட்ட தொங்கவிடக் கூடாது. அதுவரைக்கும் மாட்டுக்காகக் கறப்போம். ஒரு சொட்டு உங்க அறைக்குள்ள போகாது."

எல்லோருக்கும் வேலை போயிற்று, போலீஸ் வருகிறது என்று கத்திவிட்டு முதலாளி மாடியேறினார். ஒருவரும் நகரவில்லை. வாயாடி முதலில் வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்தாள். பின்னால் மற்றவர்கள். பாத்திரங்களைக் கீழே வைத்துவிட்டு நகரத்துப் பெண்களும் உட்கார ஆரம்பித்தார்கள்.

தெருமுனையில் போலீஸ் விசில் சத்தம் கேட்டது. கறவைக்காரி நகர்ந்து, குழந்தைக்காரிக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

"இப்படி வந்து சாஞ்சு உக்காரும்மா. இது இன்னைக்கு முடியிற வேல இல்ல."