எண்ணெய்ச் சட்டி

முறுக்கு அச்சைக் கேட்டு இசக்கிசெல்வி எதிர்வீட்டுப் படியில் நின்றபோது, சண்முகத்தாய் அதைக் கையில்தான் வைத்திருந்தாள். புளி போட்டுத் துலக்கிய பித்தளை பளபளவென்று இருந்தது. நட்சத்திர வில்லை போட்ட அந்த அச்சு, தீபாவளி வந்தால் இரண்டு வீட்டுக்கும் பொது. ஒருத்தி பிழிவாள், மற்றவள் பொரித்து எடுப்பாள். காலனி முழுக்க அந்த முறுக்குக்குத் தனி மரியாதை உண்டு.

"நீ எதுக்குளா இந்த வருசம் மெனக்கெடுத?" என்றாள் சண்முகத்தாய். "நாங்க கொண்டாருவோம்லா."

இசக்கிசெல்விக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பலகாரம் சுட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இது ஊர் வழக்கம். ஆனால் அவள் வீட்டில் யார் செத்தது?

புரட்டாசியில் மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போன தோணி காற்றில் கவிழ்ந்தது நிஜம். அதில் இன்ஜின் பார்த்துக்கொண்டு போன அவள் புருஷன் செந்தூர்வேல் கரை திரும்பாததும் நிஜம். மற்றவர்களை வழியில் போன கப்பல் ஒன்று தூக்கிவிட்டது. வந்தவர்களில் ஒருவன், அண்ணாச்சி பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிதந்து போனதைக் கண்ணால் பார்த்தேன் என்றான். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவள் தின்று உயிர் வளர்த்துக்கொண்டிருக்கிறாள். தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று தோணிக்காரர் வீட்டிலிருந்து சொல்லியனுப்பியபோதுகூட, பலகையைப் பிடித்தவன் எங்காவது ஒரு தீவில் ஒதுங்கியிருக்க மாட்டானா என்றுதான் கேட்டாள்.

"யாருளா சொன்னா ஒனக்கு, அவிய இல்லன்னு?"

சண்முகத்தாய் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "கூட்டத்துல பேசி முடிவு பண்ணியாச்சு. பிள்ளைங்க வெடிக்காக எத்தன நாளா அலையுது. ஒனக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிட்டா எங்களுக்கும் மனசு உறுத்தாதுலா?"

ஆக, சங்கதி இதுதான். ஒரு மனுஷன் இருக்கிறானா இல்லையா என்பது தெரியாமல் கிடந்தால் காலனியில் வெடி போட முடியாது. காலனிச் சங்கத் தலைவர் வீட்டு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீயும் குடித்து, செந்தூர்வேலைக் கொன்றுவிட்டார்கள். நல்ல மனுஷர்கள்தான். கடலால் செய்ய முடியாததை ஒரு சாயங்காலத்தில் செய்து முடித்த மனுஷர்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அச்சைச் சண்முகத்தாய் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நேரே கடைத்தெருவுக்குப் போனாள். அரிசிமாவு, உளுந்து, எள், ஓமம். எதிலும் ஒரு குறை வைக்கவில்லை.

திரும்பி வந்து கதவைத் தள்ளினால், சாப்பாட்டு மேசை நிறையத் தட்டுகள். முந்திரிக்கொத்து, அதிரசம், சுசியம். ஒவ்வொன்றின் மேலும் மடித்த செய்தித்தாள். மகள் அனுசியா மேசையோரம் கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. என்ன தட்டு, எதற்கு வருகிறது என்று தெரியாத வயசில்லை.

"நீ வாங்குனியா?"

"எல்லாரும் அழுதுட்டே நின்னாங்கம்மா. வாங்காம எப்படி?"

"நீயும் அழுதியோ?"

அனுசியா தலையாட்டினாள். "அழுதது நல்லா இருந்துச்சும்மா," என்றாள்.

அடிக்க ஓங்கிய கை பாதியில் நின்றது. இத்தனை நாளும் இந்த வீட்டில் அழுவதற்குத் தடை. அழுதால் செத்துப்போவான் என்பது போல ஒரு கண்டிப்பு. அந்தக் கண்டிப்பில் பிள்ளை என்ன பாடுபட்டிருக்கிறாள் என்பது அவள் கண்ணில் பட்டது. பட்டதும் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பைப் பற்றவைத்து எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். ஜன்னலை விரியத் திறந்து வைத்தாள். வாசனை தெருவுக்குப் போகட்டும், ஒரு வீடு விடாமல் போகட்டும்.

தனியாகவே பிழிந்து, தனியாகவே எடுத்தாள். தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அந்தக் காலனியில் கிடையாது. வந்த தட்டுகளில் எல்லாம் முறுக்கை அடுக்கி, பெரிய பொட்டு வைத்துக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு வீடாகப் போனாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய ஜெயமாகப் பட்டது. தலைவர் சம்சாரம் உமாராணி மட்டும் தட்டை வாங்கிக்கொண்டு ரொம்பத் தணிந்த குரலில் சொன்னாள்.

"மனசத் தேத்திக்கோ செல்வி. பொட்ட மட்டும் கொஞ்சம் சின்னதா வச்சுக்கோ. பாக்குதவங்க ஒண்ணு சொல்லக்கூடாதுலா."

"எங்க வீட்டுக்காரவிய வந்து சொல்லட்டும், வச்சுக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் விடியுமுன்பே வெடிச் சத்தம் தொடங்கிவிட்டது. அனுசியாவின் தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டு, சீயக்காய் எடுக்கப் பின்கட்டுக்குப் போன இசக்கிசெல்வி அப்படியே நின்றாள். வீடுகளின் பின்னால் ஓடுகிற பொதுச் சுற்றுச்சுவரின் மேல், வாழையிலைத் துண்டுகளில், அவளுடைய முறுக்குகள். எல்லா வீட்டுக்கும் நேராக இருந்தன. ஒருவர்கூட வாயில் வைக்கவில்லை. சாவு வீட்டு முறுக்கை நல்ல நாளில் யார் தின்பார்கள்? எறியவும் மனசு வராமல், செத்தவனுக்கு என்று காக்கைக்கு வைத்துவிட்டார்கள். எள்ளும் தண்ணீரும் தெளிக்காததுதான் பாக்கி.

சண்முகத்தாயும் வைத்திருந்தாள். ஈரத் தலையில் துண்டு கட்டி, கடைச் சீட்டைக்கூடப் பிரிக்காத புதுச்சேலையில் சுவரோரம் நின்று, "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இசக்கிசெல்வியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள்; கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

காக்கை ஒன்றையும் காணோம். வெடிச் சத்தத்துக்கு எல்லாம் உப்பளப் பக்கம் பறந்து போயிருக்கும் என்று இசக்கிசெல்விக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அவள் நெஞ்சு வேறு கணக்குப் போட்டது. எடுக்காது. செத்தவனுக்கு வைத்தால்தானே எடுக்கும். எடுக்காது, எடுக்கவே எடுக்காது.

"ஏலே, கொஞ்ச நேரம் வெடிய நிறுத்துங்கலே," தெருப்பக்கம் உமாராணியின் குரல் கேட்டது. "காக்கா எடுத்துரட்டும், பொறவு போடலாம்."

காலனி அடங்கியது. புகை மெல்லக் கலைந்தது. முருங்கை மரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, சுவரையும் ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தது. இசக்கிசெல்வி அதை விரட்டக் கையை உயர்த்தினாள்.

அந்தக் கையை யாரோ பிடித்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தன விரல்கள். எண்ணெய் வழிகிற முகத்தோடு அனுசியா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"கா... கா..."

காக்கை கழுத்தைச் சாய்த்து அவள் பக்கம் திரும்பியது.