ஒற்றைக் கைக்கு ஒரு தொட்டில்

பிரசவத்துக்குப் பிறகு பக்கவாதம் வந்து என் தங்கையின் வலது கை செயலற்றுப் போனது. குழந்தை வீறிட்டு அழும். யாராவது வந்து எடுத்துத் தரும்வரை அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "அம்மான்னு பேருதான் எனக்கு. தூக்கறது எல்லாம் ஊர்ல உள்ளவங்க" என்றாள் ஒருநாள்.

நான் இயந்திரப் பொறியாளர். கூட வேலை பார்க்கும் இருவரைப் பிடித்தேன். மூவரும் ஒரே கல்லூரி. ஒருவர் வாயைத் திறந்தால் மற்ற இருவரும் தலையாட்டிவிடுவோம். தலையாட்டியே ஒரு மோட்டார் தொட்டில் செய்துவிட்டோம். பட்டனை அழுத்தினால் குழந்தையை உயரத் தூக்கும். தூக்கியது. சத்தத்தில் குழந்தை அலறியதில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். தூக்கிய குழந்தையை ஒரே கையால் எப்படி எடுப்பாள் என்று எங்களில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை!

பிறகுதான் குழந்தைகள் வார்டு நர்ஸையும், கார் சீட்டுக்கு உறை தைக்கும் தையல்காரரையும் சேர்த்தேன். கூட்டமா அது, சந்தைக்கடை. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. விளக்கியே தொண்டை கட்டிக்கொண்டது. என்னோடு வேலை பார்க்கும் இருவரில் ஒருவன் கோபித்துக்கொண்டு சில நாள் வரவே இல்லை.

தையல்காரர் பெருமையாக ஒரு துணித் தொட்டிலை விரித்தார். நர்ஸ் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த முடிச்சை அவிழ்க்கவே ரெண்டு கை வேணுமே அண்ணே?"

"அப்ப நீங்களே சொல்லுங்க சிஸ்டர், எப்படித் தூக்கறது?"

"எதுக்குத் தூக்கணும்? மடிக்கு இழுத்தா போதாதா? கழுத்து மட்டும் மடங்கக் கூடாது."

"மேசை டிராயர் மாதிரி!" என்று கத்திவிட்டேன். "கட்டில் உயரத்துல, தண்டவாளத்துல ஓடற மாதிரி பண்ணிடலாம்."

"கழுத்துக்கு அணை வச்சு மெத்தையை நான் தைக்கறேன்" என்றார் தையல்காரர்.

அன்று யாரும் தலையாட்டவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

தொட்டிலைக் கட்டிலோடு பொருத்திய அன்று ஐந்து பேரும் சுற்றி நின்றோம். தங்கை இடது கையால் இழுத்தாள். அழுத குழந்தையோடு தொட்டில் சத்தமில்லாமல் நகர்ந்து மடிக்கு வந்தது. பழக்கதோஷத்தில் நர்ஸ் கையை நீட்டினார்.

"வேணாம். என் பிள்ளைய நான் எடுத்துக்கறேன்."

எடுத்துக்கொண்டாள். மார்போடு அணைத்தாள். நான் பக்கத்தில் நின்ற தையல்காரரின் கையைப் பற்றிக்கொண்டேன்; இந்த நால்வருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன வேடிக்கை? பால் குடுக்கணும், எல்லாரும் வெளிய போங்க. அக்கா, நீயும்தான்."