தேசத்தின் அழுகையும் தொட்டிக் கெண்டையும்

அலோய்சி வ்ரோனா இசையமைத்த ஜாஸ் பாட்டுகளில் உலகம் சுற்றியது ஒன்றுதான். அதில் பியானோ உச்சத்துக்கு ஏறித் தயங்கும் இடத்தில் 'சளப்' என்று ஒரு சத்தம் வரும். அடிமைப்பட்ட தேசத்தின் அழுகை அது என்று ஒரு பேராசிரியர் புத்தகமே போட்டுவிட்டார். செத்த மனுஷன் வந்து மறுக்கவா போகிறார்?

அந்தச் சளப்தான் டிரம்ஸ்காரன் தோபியாஷின் உயிரை வாங்கியது. ஈரத்துணியை அடித்தான், வாளியை உதைத்தான், ஒன்றும் சரிப்படவில்லை. மறுநாள் போலந்தின் லுப்லின் நகரில் வ்ரோனா நினைவுக் கச்சேரி.

"அந்தச் சத்தம் வரலைன்னா உன் இடத்துல வேற ஆளுடா," என்று குழுத்தலைவர் செவெரின் சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லாமல் வ்ரோனாவின் மனைவி லுத்மிவாவிடம் போய் நின்றான். கிழவி அவனை நேரே குளியலறைக்கு இழுத்துப்போனாள். அந்த ஊர் வழக்கப்படி கிறிஸ்துமஸ் விருந்துக்கு உயிரோடு வாங்கிய கெண்டை மீன் குளியல் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தது.

"இதான்பா உங்க தேசத்தோட அழுகை. அன்னிக்கும் தொட்டில கெண்டை. அந்தப் பாட்டை வீட்லயே பதிவு பண்ணாங்க. கதவைச் சாத்துய்யான்னேன், கேட்டாரா?"

"அம்மா, ஒருநாள் இரவல் தருவீங்களா?"

"கொண்டுபோ. நாளன்னைக்கு வறுக்கணும், உசுரோட வரணும்."

கச்சேரியில் டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு தகரத்தொட்டி இருந்தது. பியானோ ஏறியது, தயங்கியது. கெண்டை அசையவில்லை. செவெரின் முறைத்தார். தோபியாஷ் தொட்டியின் மேல் குனிந்தான்.

"சாமி, என் பொழப்பே உன் வாலுலதான் இருக்கு."

சளப்! முன்வரிசையில் இருந்த பேராசிரியர் முகமெல்லாம் நனைந்து, தேசத்தை நினைத்துத் தேம்பினார்.

கைதட்டல் ஓய்ந்ததும் லுத்மிவா வாளியோடு மேடைக்குப் பின்னால் வந்தாள். தோபியாஷ் தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றான்.

"கூட வாசிச்சவனை எப்படிம்மா வறுக்கறது?"

கிழவி தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த மனுஷனும் இதையேதான் சொன்னாரு. ஆத்துல விட்டுட்டு வந்து பல்லிளிச்சாரு. அந்த வருஷம் விருந்துக்கு வெறும் உப்பு மத்தி. ஜாஸ்காரனுங்களைக் கட்டி மாரடிக்க முடியாது."

வாளியை அவன் கையில் திணித்தாள்.

"சரி, நீயும் ஆத்துல விட்டுடு. நாளைக்கு ராத்திரி வீட்டுக்கு வா. சொல்லாம வர்ற விருந்தாளிக்குன்னு வருஷாவருஷம் ஒரு தட்டு வைக்கிறேன். அவர் போனதுலேருந்து ஒருத்தரும் வந்து உட்காரலை. மத்திதான் இருக்கும், மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது."